99 சதவீதம் வந்தால் முதலில் சந்தேகப்படுங்கள்

கணினி அறிவியல், ஏஐ ஆய்வு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை குமரி மாவட்டக் கடிதங்களுக்கு மட்டும் பதில். ஆரல்வாய்மொழியிலிருந்து களியக்காவிளை வரை வந்த கேள்விகளில் பலவும் ஒரே இடத்தைத்தான் சுற்றுகின்றன: மாடலைச் சோதித்த விதம் சரியா? அதனால் அந்தக் கேள்விகளுக்கு இடம் கூடுதலாகவும் மற்றவற்றுக்குக் குறைவாகவும் ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: வாழை இலை நோயைப் படத்திலிருந்து கண்டுபிடிக்கும் மாடல் செய்தேன். ஏத்தன், மட்டி, செந்துளுவன் மூன்றிலும் செல்போனில் 1,200 படங்கள் எடுத்து, திருப்பியும் சுழற்றியும் வெளிச்சத்தை மாற்றியும் 9,600 ஆக்கினேன். அதை 80-20 ஆகப் பிரித்துச் சோதித்ததில் துல்லியம் 99.2. கட்டுரையை 'தரவுக் கசிவு' என்ற ஒரே காரணம் சொல்லித் திருப்பிவிட்டார்கள். எங்கே கசிந்தது?
- முதுகலைப் பொறியியல் மாணவி, குலசேகரம்

பதில்: தரவுக் கசிவு என்றால், சோதனைக்கு வைத்த படங்களின் சாயல் பயிற்சியிலேயே மாடலுக்குத் தெரிந்துபோவது. பெருக்கிய பிறகு பிரித்தீர்கள் பாருங்கள், முதல் ஓட்டை அங்கேதான். உங்கள் கணக்கில் ஒரு படம் எட்டாகிறது. எல்லாவற்றையும் கலக்கி 80-20 ஆகப் பிரித்தால், சோதனைக்குப் போன ஒரு படத்தின் மற்ற ஏழு பிரதிகளும் சோதனைப் பக்கமே விழும் வாய்ப்பு ஏறத்தாழ 78,000-இல் ஒன்று. உங்களிடம் இருப்பவை 1,920 சோதனைப் படங்கள். அத்தனைக்கும் பயிற்சிப் பக்கத்தில் ஓர் உடன்பிறப்பு இருந்திருக்கிறது என்றே வைத்துக்கொள்ளலாம். முதலில் பிரியுங்கள். பிறகு பயிற்சிப் பக்கத்தை மட்டும் பெருக்குங்கள். சோதனைப் படங்களில் அளவைச் சரிசெய்வதைத் தவிர வேறெதுவும் செய்யாதீர்கள்.

இரண்டாவது ஓட்டை இதைவிட ஆழமானது, பலர் கண்ணில் படாதது. ஒரே வாழையின் முன் நின்று நாலைந்து படம் எடுத்திருப்பீர்கள். ஒரே மண், ஒரே வெயில், பின்னால் ஒரே வேலி. அதில் மூன்று பயிற்சிக்கும் ஒன்று சோதனைக்கும் போனால் அதுவும் கசிவுதான். ஆகவே படம் படமாகப் பிரிக்காமல் விளை விளையாக, அதாவது தோட்டம் தோட்டமாகப் பிரியுங்கள். இதற்கு ஓர் அட்டவணை வேண்டும்: படத்தின் பெயர், விளை எண், வாழை எண், எடுத்த தேதி, செல்போன் மாடல், நோய். சைக்கிட்-லேர்ன் என்ற பைத்தான் நிரல் நூலகத்தில் உள்ள குரூப் கே-ஃபோல்ட் என்ற பிரிக்கும் கருவியில் விளை எண்ணைக் குழுவாகக் கொடுத்தால், ஒரு விளையின் படங்கள் இரண்டு பக்கமும் விழாமல் அதுவே பார்த்துக்கொள்ளும். வாட்ஸ்அப் வழியாக வாங்கிய படங்கள் இருந்தால் தேதி, கேமரா விவரமெல்லாம் அழிந்திருக்கும், படமும் அமுங்கியிருக்கும். எடுத்தவர் போனிலிருந்து மூலக் கோப்பையே வாங்குங்கள்.

மூன்றாவது சந்தேகம் பின்னணி பற்றியது. நோயில்லாத இலைகளையெல்லாம் கல்லூரி வளாகத்தில் காலையில் ஒரு போனிலும், நோயுள்ளவற்றை அருமனைப் பக்கம் மாலையில் இன்னொரு போனிலும் எடுத்திருந்தால், மாடல் இலையைப் பார்க்கவே வேண்டாம், வெளிச்சத்தைப் பார்த்தே விடை சொல்லிவிடும். இது வெறும் பயமுறுத்தல் இல்லை. இந்தத் துறையில் பலரும் பயன்படுத்தும் பிளான்ட்வில்லேஜ் தொகுப்பில் 54,306 படங்கள், 14 பயிர்கள், 38 வகைகள். 2016-இல் வந்த ஆய்வில் அதே தொகுப்பிலிருந்து ஒதுக்கிவைத்த படங்களில் 99.35 சதவீதம் கிடைத்தது. வேறு சூழலில் எடுத்த படங்களைக் கொடுத்ததும் 31.4-க்கு இறங்கியது. அந்த ஆய்வாளர்கள் இதையும் மறைக்காமல் கட்டுரையிலேயே எழுதினார்கள். 2022-இல் வேறோர் ஆய்வு, இலையைத் தொடாமல் பின்னணியிலிருந்து 8 பிக்சல்களை மட்டும் எடுத்து 49 சதவீதம் சரியாகச் சொல்ல முடியும் என்று காட்டியது. குருட்டாம்போக்கில் சொன்னால் 2.6-தான் வரும்.

இதே சோதனையை உங்கள் படங்களில் அரை மணி நேரத்தில் செய்துவிடலாம். ஒவ்வொரு படத்தின் நான்கு மூலைகளிலும் 20-க்கு 20 பிக்சல் வெட்டுங்கள். சராசரி நிறத்தை மட்டும் ரேண்டம் ஃபாரஸ்ட் என்ற எளிய வகைப்படுத்தும் மாடலுக்குக் கொடுங்கள். நான்கு வகைகள் சம எண்ணிக்கையில் இருந்தால் 25 சதவீதத்தை ஒட்டி வரவேண்டும். 60 வந்தால் படம் எடுத்த முறையிலேயே கோளாறு; மாடலை மாற்றி ஒன்றும் ஆகாது, மறுபடி விளைக்குப் போகத்தான் வேண்டும்.

நோயின் பெயரை யார் குறித்தார்கள் என்பதையும் எழுதுங்கள். சிகடோகா இலைப்புள்ளியும் பொட்டாஷ் குறைபாட்டால் அடியிலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாவதும் முற்றிய நிலையில் போட்டோவில் குழப்பும். தோட்டக்கலை தெரிந்த இருவர் ஒருவரையொருவர் கேட்காமல் தனித்தனியே குறிக்கட்டும், அவர்கள் எவ்வளவு ஒத்துப்போனார்கள் என்பதை கப்பா (தற்செயல் ஒற்றுமையைக் கழித்த அளவு) மதிப்பாகக் கொடுங்கள். இத்தனையும் செய்தபின் துல்லியம் 75-க்கு இறங்கலாம். இறங்கட்டும். 'படம் படமாகப் பிரித்தால் 99, விளை விளையாகப் பிரித்தால் 75' என்ற ஒப்பீட்டை ஒரே அட்டவணையில் வையுங்கள். எங்கள் கணிப்பில், உங்கள் கட்டுரையில் மற்றவர்களுக்குப் பயன்படப்போவது அந்த அட்டவணைதான்.

கேள்வி: தோவாளைப் பூச்சந்தையில் பிச்சி, மல்லிகை விலையை மறுநாளுக்குக் கணிக்கும் எல்எஸ்டிஎம் (தொடர் தரவைக் கற்கும் நியூரல் நெட்வொர்க்) மாடல் என் ஆய்வு. ஆர்-ஸ்கொயர் (1-ஐ நெருங்கினால் பொருத்தம் அதிகம்) 0.97. அரிமா (பழைய விலைகளிலிருந்து கணிக்கும் புள்ளியியல் முறை) மாடலோடும் ஒப்பிடச் சொல்கிறார் கைடு. அது போதுமா?
- பிஎச்.டி. ஆய்வாளர், நாகர்கோவில்

பதில்: அரிமாவுக்கும் முன்னால் ஒன்று இருக்கிறது: 'நேற்றைய விலைதான் இன்றைய விலை.' ஒரே வரி நிரல். அதன் ஆர்-ஸ்கொயரையும் கணக்கிட்டுப் பாருங்கள். பருவத்துக்குப் பருவம் விலை பல மடங்கு ஏறி இறங்குவதால், நேற்றைய விலையைச் சொன்னாலே ஆர்-ஸ்கொயர் உயரத்தில்தான் நிற்கும். எனவே 0.97 என்ற எண் தனியாக எதையும் சொல்வதில்லை.

கண்ணாலேயே பார்க்க ஒரு வழி: முழு ஆண்டு வரைபடத்தை விட்டுவிட்டு இரண்டு வாரத்தை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள். உங்கள் கணிப்புக் கோடு நிஜ விலைக் கோட்டை ஒருநாள் தள்ளி அப்படியே பின்தொடர்கிறதா? அப்படியானால் எல்எஸ்டிஎம் கற்றது அந்த ஒரு வரி நிரலைத்தான். எண்ணில் காட்ட மேஸ் என்ற அளவை உண்டு. 2006-இல் ஹைண்ட்மனும் கோலரும் முன்வைத்தது. உங்கள் சராசரிப் பிழையை 'நேற்றைய விலை' முறையின் சராசரிப் பிழையால் வகுப்பது. 1-க்குக் கீழே வந்தால்தான் லாபம். அந்த முறை கிலோவுக்கு 60 ரூபாய் பிசகி உங்கள் மாடல் 57 ரூபாய் பிசகினால் 0.95. அதற்கு அத்தனை பெரிய மாடல் வேண்டுமா என்று பரிசோதகர் வைவாவில் கேட்பார். இப்போதே பதில் தேடிவையுங்கள்.

பிரிப்பதில் ரேண்டம் கூடவே கூடாது. ஒரு தேதிவரை பயிற்சி, அதன்பின் சோதனை. பிறகு அந்தத் தேதியை மாதம் மாதமாக நகர்த்தி மறுபடியும். இதிலும் மூன்று இடத்தில் எதிர்காலம் உள்ளே நுழைந்துவிடும். ஒன்று, முழுத் தொடரின் உச்ச விலையை வைத்து 0-1 அளவுக்குள் சுருக்குவது. சோதனைக் காலத்தில் வரப்போகும் ஓண விலை மாடலுக்கு முன்னரே தெரிந்துபோகும். இரண்டு, விலை பதிவாகாத நாட்களை முன்பின் நாட்களின் சராசரியால் நிரப்புவது. நாளைய விலை இன்றைக்குள் வந்துவிட்டது. முந்தைய நாள் விலையை மட்டும் கொண்டு நிரப்புங்கள். மூன்று, அன்றைய பூ வரத்தை உள்ளீடாகக் கொடுப்பது. கணிக்கும் நேரத்தில் அது யாருக்கும் தெரியாது. நேற்றுவரையிலான வரத்து, நேற்றுவரையிலான மழை என்றால் சரி.

முன்கூட்டியே தெரிந்தவற்றைத் தாராளமாகக் கொடுக்கலாம்: முகூர்த்த நாட்கள், ஆயுத பூஜை, திருவோணம். ஆனால் மாதத்தின் எண்ணாகக் கொடுக்காதீர்கள். திருவோணம் சில ஆண்டு ஆகஸ்டில் வரும், சில ஆண்டு செப்டம்பரில். 'திருவோணத்துக்கு இன்னும் எத்தனை நாள்' என்று ஒரு பத்தி வையுங்கள். இன்னொன்றையும் மறக்காதீர்கள்: பத்தாண்டுத் தரவு என்றால் மூவாயிரத்துச் சொச்சம் நாட்கள், ஆனால் ஓணம் பத்தே பத்து. வியாபாரிக்கு முக்கியமான நாளில்தான் உங்கள் மாடலுக்கு அனுபவம் குறைவு. அந்த நாட்களின் பிழையைத் தனியாகப் பிரித்துக் காட்டினால் ஆய்வுக்கு மதிப்புக் கூடும்.

கேள்வி: கடற்கரைப் பேச்சுத் தமிழைக் கேட்டு எழுத, விஸ்பர் மாடலை எங்கள் ஒலிப்பதிவுகளில் ஃபைன்-டியூன் (கூடுதல் பயிற்சி) செய்தோம். சொற்பிழை விகிதம் 18 சதவீதம் என்கிறது கருவி. வாசித்துப் பார்த்தால் பாதிக்குப் பாதி தப்பு. எதை நம்புவது?
- இளநிலை இறுதியாண்டு மாணவர் குழு, குளச்சல்

பதில்: வாசித்ததை நம்புங்கள். பிழையைக் கணக்கிடுமுன் உரையைச் 'சுத்தம்' செய்ய விஸ்பரோடு வரும் பொது நார்மலைசரை ஓட்டியிருப்பீர்கள். யூனிகோடில் 'குறி' என்று வகைப்படுத்தப்பட்ட எதையும் அது எடுத்துவிட்டு இடைவெளி போடும். தமிழின் துணைக்கால், கொம்பு, புள்ளி எல்லாமே அந்த வகையில்தான் வருகின்றன. விளைவு: 'மீன்' என்பது 'ம ன' ஆகிவிடும். 'மான்' என்பதும் 'ம ன'. விளவங்கோட்டுக்காரர் மகனை 'மோன்' என்று சொன்னாலும் அதுவேதான். மாடல் மீனை மானாக எழுதியிருந்தாலும் கருவி சரி போட்டுவிடும். அந்த நார்மலைசரை விட்டுவிட்டு நிறுத்தக்குறிகளை மட்டும் நீக்கி மறுபடி கணக்கிடுங்கள். விகிதம் ஏறும், அதுதான் நிஜம்.

இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு. 'கொ' என்பதை ககரத்தோடு ஒரே ஒகரக் குறியாகவும் சேமிக்கலாம், எகரக் குறியும் துணைக்காலுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், கணினிக்கு வேறு வேறு. சரியான சொல்லும் பிழையாக எண்ணப்படும். இரு பக்க உரையையும் முதலில் என்எஃப்சி என்ற ஒரே சீர் வடிவத்துக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது.

தமிழில் சொல் நீளம். 'கொண்டுவந்திருக்கிறான்' என்பதைப் பிரித்து எழுதினாலே இரண்டு மூன்று பிழையாகிவிடும். அதனால் சொற்பிழை விகிதத்தோடு எழுத்துப்பிழை விகிதத்தையும் சேர்த்தே கொடுங்கள். 'அவிய வந்தாவ' என்று பேசியதை அப்படியே எழுதுவதா, 'அவர்கள் வந்தார்கள்' என்று எழுதுவதா என்பதை எழுதுபவர் கையில் விடாதீர்கள். இரண்டு பத்தியாக வைத்து இரண்டையும் எழுதுவது நல்லது. நேரமில்லையென்றால் பேசியபடியே, ஆனால் இரண்டு பக்க எழுத்துவிதி ஒன்றை முதலிலேயே தயாரித்துக்கொண்டு.

பதிவு பற்றி: விஸ்பருக்கு வேண்டியது 16 கிலோஹெர்ட்ஸ், ஒற்றை வழி. 16 பிட் அளவில் மணிக்கு 115 எம்பிதான். 48-இல் பதிந்து மூலத்தை வைத்துக்கொண்டு நகலை 16-க்கு இறக்குங்கள். வாட்ஸ்அப் வாய்ஸ், ப்ளூடூத் மைக் இரண்டும் வேண்டாம். ஒலியின் தரத்தைக் குறைத்துவிடும். கடற்காற்றுக்கு மைக்கின் மேல் பஞ்சுறை அவசியம். கரமடி வலை இழுக்கும் இடத்தில் பதிந்தது தனி, வீட்டுத் திண்ணையில் பதிந்தது தனி எனக் குறித்துவையுங்கள். மாடல் 30 வினாடித் துண்டாகத்தான் கேட்கும். பேச்சு நிற்கும் இடம் பார்த்து 5 முதல் 25 வினாடிக்குள் வெட்டுங்கள். பேச்சில்லாத துண்டுகளைக் களையாவிட்டால், யாரும் பேசாத வாக்கியங்களை விஸ்பர் தானே எழுதிவிடும்.

பிரிப்பது ஆள் வாரியாக. ஒருவரின் குரல் இரண்டு பக்கமும் இருக்கக்கூடாது. சம்மதப் படிவம் தமிழில் இருக்கட்டும்: எதற்கு, எவ்வளவு காலம், பொதுவில் வெளியிடுவீர்களா, நீக்கச் சொல்ல யாரை அணுகுவது. வாசிக்கச் சிரமப்படுபவரிடம் படித்துக்காட்டி, அவர் சம்மதம் சொல்வதையே ஒலிப்பதிவாக வையுங்கள். முடிவுகளை அனுப்ப, 2021 முதல் நடக்கும் திராவிட மொழிகளுக்கான பேச்சு, மொழித் தொழில்நுட்பப் பட்டறை பொருத்தமான இடம்.

கேள்வி: ஏழு பில்லியன் அளவுருக்கள் உள்ள மொழி மாடலை கூகுளின் இலவச இணையவழிக் கணினியான கோலாபில் பயிற்றுவிக்க முடியுமா?
- இளநிலை மாணவர், மார்த்தாண்டம்

பதில்: முழுதாக முடியாது. ஆடம் என்ற கற்றல் முறையில் முழுப் பயிற்சி என்றால் ஒரு அளவுருவுக்கு (மாடல் கற்கும் ஒரு எண்) 16 பைட்: எடைக்கு 2, சரிவுக்கு 2, முழுத் துல்லியப் பிரதிக்கு 4, ஆடமின் இரு சராசரிகளுக்கு 8. ஏழு பில்லியனுக்கு 112 ஜிபி. கோலாபில் கிடைக்கும் டி4 ஜிபியுவில் 16 ஜிபிதான். 2023-இல் வந்த க்யூலோரா முறையில் எடைகளை 4 பிட்டாகச் சுருக்கினால் 3.5 ஜிபி, மேலே சிறிய அடாப்டர்களை மட்டும் பயிற்றுவிக்கலாம். பேட்ச் 1 (ஒரு தடவைக்கு ஒரு மாதிரி), நீளம் 512 டோக்கன் (சொல் துண்டு), சரிவுகளை 16 தடவை சேர்த்து ஒரு நகர்வு என்று தொடங்குங்கள். இணையத்தில் கிடைக்கும் நிரல்களில் பிஎஃப்16 என்ற எண் வடிவம் இருக்கும். டி4 வன்பொருளில் அதற்கு ஆதரவு இல்லை. எஃப்பி16-க்கு மாற்றுங்கள். லாஸ் (பிழை அளவு) 'NaN' (எண் அல்ல) என்று காட்டினால் கற்றல் வீதத்தைக் குறைத்துப் பாருங்கள்.

சிறு கோப்புகளை டிரைவிலிருந்து ஒவ்வொன்றாகப் படித்தால் ஜிபியு சும்மா காத்திருக்கும். ஜிப் ஆக்கிக் கொண்டுபோய் கோலாபின் உள்வட்டில் பிரியுங்கள். இலவச அமர்வு எப்போது வேண்டுமானாலும் அறுந்துபோகும், ஆகவே 200 நகர்வுக்கு ஒருமுறை ஆப்டிமைசர் நிலையையும் சேர்த்து டிரைவில் சேமியுங்கள். மாடலைத் தேர்ந்தெடுக்குமுன், உங்கள் தமிழ் உரையில் நூறு சொல்லுக்கு எத்தனை டோக்கன் ஆகிறது என்று எண்ணுங்கள். ஆங்கிலத்துக்காகச் செய்த டோக்கனைசர் ஒரு தமிழ்ச் சொல்லைப் பத்துத் துண்டாக்கினால், 512 டோக்கனில் சில வரிகளுக்கு மேல் அடங்காது.

கேள்வி: 'ஸ்கோபஸ் இதழ், 15 நாளில் வெளியீடு, கட்டணம் மட்டும் கட்டினால் போதும்' என்று செய்தி வருகிறது. நம்பலாமா?
- உதவிப் பேராசிரியர், தக்கலை

பதில்: 15 நாளில் மூன்று பேர் படித்துக் கருத்துச் சொல்லி, நீங்கள் திருத்தி, மறுபடி பார்ப்பதெல்லாம் நடக்கிற காரியமா? செய்தியில் உள்ள லிங்க்கைத் தொடாமல், ஸ்கோபஸ் என்ற ஆய்விதழ்த் தொகுப்பின் இலவச இதழ்ப் பட்டியலில் இதழின் ஐஎஸ்எஸ்என் அடையாள எண்ணைப் போட்டுத் தேடுங்கள். சேர்க்கப்பட்ட ஆண்டுகள் சில வருடம் முன்பே முடிந்திருந்தால் அந்த இதழ் நீக்கப்பட்டதாகப் பொருள். எண் சரியாக இருந்தும் இணையதளம் போலியாக இருக்கலாம். நல்ல இதழின் பெயரையும் எண்ணையும் திருடி நடத்தும் தளங்கள் உண்டு. ஸ்கோபஸில் பதிவாகியுள்ள சமீபத்திய கட்டுரைகளும் அந்தத் தளத்தின் கட்டுரைகளும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். யுஜிசி-கேர் என்ற அங்கீகரித்த இதழ்ப் பட்டியலை யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது, ஆகவே 'கேர் லிஸ்டட்' என்று இன்னும் விளம்பரம் செய்பவர்களிடம் எச்சரிக்கை. மெஷின் லேர்னிங்கில் ஜேஎம்எல்ஆர், டிஎம்எல்ஆர் இதழ்கள் இரண்டும் எழுதுபவரிடம் காசு வாங்காதவை. ஆனால் கறாராகப் பார்ப்பார்கள்.

கேள்வி: ஆய்வேட்டில் ஒப்புமை (பிறர் எழுத்தோடு ஒத்த பகுதி) 22 சதவீதம் காட்டுகிறது. வாக்கியங்களை மாற்றித்தரும் மென்பொருளில் போடலாமா?
- ஆய்வாளர், திருவட்டார்

பதில்: வேண்டாம். யுஜிசியின் 2018 விதிப்படி 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10-40 என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40-60 என்றால் திருத்திய ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க ஓராண்டு தடை. 60-க்கு மேல் பதிவே ரத்து. உங்களுடையது திருத்தக்கூடிய நிலைதான். அறிக்கையைத் திறந்து எங்கே ஒத்துப்போகிறது என்று பாருங்கள். முந்தைய ஆய்வுகளைச் சொல்லும் இரண்டாம் அத்தியாயமாக இருந்தால், மூலக் கட்டுரையை மூடிவைத்துவிட்டு உங்கள் சொந்த வாக்கியத்தில் எழுதுங்கள். மாற்றித்தரும் மென்பொருள் துறைச் சொற்களையும் சேர்த்து மாற்றிவிடும். 'ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்' என்பது 'கவுன்டர்ஃபீட் கான்ஷியஸ்னெஸ்' ஆகி அச்சேறிய கட்டுரைகளை 2021-இல் ஆய்வாளர்கள் கொத்தாகப் பிடித்தார்கள். சாட்பாட்டிடம் மேற்கோள் பட்டியல் கேட்டிருந்தால் ஒவ்வொன்றின் டிஓஐ (கட்டுரையின் நிலையான இணைய அடையாளம்) எண்ணையும் திறந்து, தலைப்பும் ஆசிரியரும் பொருந்துகிறதா பாருங்கள். இல்லாத கட்டுரைகளை அது சரளமாகச் சொல்லும்.

கேள்வி: ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) இப்போது எவ்வளவு? கட்டுரை இல்லாமல் பிஎச்.டி. முடிக்க முடியுமா?
- கணித முதுகலை மாணவி, பூதப்பாண்டி

பதில்: 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், எஸ்ஆர்எஃப் (முதுநிலை) ஆனபின் 42,000. யுஜிசியின் 2022 விதிமுறை இதழ்க் கட்டுரையைக் கட்டாயமாக்கவில்லை. ஆனால் பல்கலைக்கழகம் தன் விதியில் கேட்கலாம், சேருமுன் அதை எழுத்தில் பார்த்துவிடுங்கள். குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு.

கேள்வி: மாநாட்டுக் கடைசித் தேதியில் 'ஏஓஇ இரவு 11.59' என்று போடுகிறார்கள். நமக்கு எத்தனை மணி?
- மாணவர், இரணியல்

பதில்: மறுநாள் மாலை 5.29. ஏஓஇ என்றால் 'எனிவேர் ஆன் எர்த்'. உலகிலேயே கடைசியாக நாள் முடியும் நேர வலயம் அது, நம்மைவிட பதினேழரை மணி நேரம் பின்னால். ஆனாலும் மாலை ஐந்து மணிக்கு உட்காராதீர்கள், எல்லாரும் அப்போதுதான் ஏற்றுவார்கள். பெரும்பாலான மாநாட்டுத் தளங்களில் கெடு முடியும்வரை பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போடலாம், ஆகவே முந்தின நாளே ஒரு பிரதியை ஏற்றிவிடுங்கள். இருமறைவு மதிப்பீடு (எழுதியவரும் மதிப்பிடுபவரும் ஒருவரையொருவர் அறியாத முறை) என்றால் பிடிஎஃப் கோப்பின் பண்புகளில் உங்கள் பெயர் கிடக்கிறதா, நிரல் இணைப்பில் கல்லூரிப் பெயர் தெரிகிறதா, நன்றியுரையில் கைடு பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இந்த மூன்றில் ஒன்றுக்காகவே கட்டுரையைப் படிக்காமல் திருப்பிவிடுவது வழக்கம்.